தென்குமரிச் சரித்திரம் – 17: சுசீந்திரம் வழியே சென்ற கைதி

சுசீந்திரம் தாணுமாலயன் சன்னிதியில் நடந்துவந்த கைமுக்கு என்னும் சத்தியப் பரீட்சையைப் பற்றிச் சென்ற அத்தியாயத்தில் சொல்லி நிறுத்தியிருந்தோம். ஒழுக்கக்கேடு சாட்டப்பெற்ற நம்பூதிரி ஒருவர், கொதிக்கின்ற நெய்யில் கையை விட்டு, அடியிலே கிடக்கும் சிறிய காளையுருவை எடுத்து வெளியே வைக்கவேண்டும் என்பதும், கையைக் கட்டிவைத்துச் சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்க்கும்போது புண் இல்லையானால் அவர் சுத்தர், வெந்திருந்தால் ஜாதிப் பிரஷ்டர் என்பதும் அன்றைய நியாய சாஸ்திரம். இந்தக் கொடிய வழக்கத்தை நிறுத்திய புண்ணியம் 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜாவைச் சேர்ந்தது. கீர்த்தனங்கள் இயற்றியவர், வித்துவான்களை ஆதரித்தவர், கருணையுள்ளவர் என்றெல்லாம் நாம் போற்றுகிற அந்த மகாராஜாவே, அதே சுசீந்திரத்தில், கைகள் கட்டப்பெற்று நிறுத்தப்பட்ட வேறொரு மனிதரை விசாரித்ததாக ஒரு சம்பிரதாயம் தென்குமரியில் வழங்கிவருகிறது. இவ்வத்தியாயத்துக்கு விஷயம் அதுவே.

அதற்குமுன் ஸ்தலபுராணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சுசீந்திரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்திரன் கதையையே முதலில் சொல்வார்கள். கௌதமர் மனைவியிடம் தகாதது செய்து சாபமேற்ற இந்திரன், இங்கே வந்து பாவம் நீங்கிச் சுத்தி பெற்றான் என்பதும், அவனே இன்றைக்கும் அர்த்தஜாமத்தில் வந்து பூஜை செய்துபோகிறான் என்பதும், ஆகையால் இரவு பூஜை செய்த அர்ச்சகர் மறுநாள் காலையில் நடை திறப்பதில்லை என்பதும் ஊரறிந்தவை. ஆயினும் ஞானாரண்யம் என்று பெயர் பெற்றிருந்த இந்தக் காட்டின் மூத்த கதை அநசூயையின் கதைதான். அத்திரி முனிவர் இல்லாத வேளையில் பிராமண வேஷத்தில் வந்த மும்மூர்த்திகள், ஆடையின்றி அன்னமிட வேண்டும் என்று அந்த உத்தமியிடம் கேட்கிறார்கள். விருந்தை மறுத்தால் தர்மம் கெடும், இணங்கினால் மானம் கெடும் என்னும்படி வகுத்துக்கொண்டு வந்த அவமானம் அது. சபிக்கும் சக்தி அவளுக்கு இல்லாமலில்லை. ஆனால் அவள் பாத தீர்த்தத்தைத் தெளித்து மூவரையும் கைக்குழந்தைகளாக்கி, மடியிலே போட்டுப் பாலூட்டித் தொட்டிலிலும் இட்டாளாம். வந்தவர்களின் பலம் போயிற்று, உயிர் போகவில்லை. அவளுடைய மானமும் நின்றது, விருந்தும் நின்றது. பழையாற்றங்கரையில் இத்தனை பெரிய கோயில் எழுந்ததற்கு ஆதாரமாக இருக்கும் கதை ஒன்று இப்படி அமைந்திருக்க, அதே கோயிலைச் சுற்றிய தெருக்களில் மனிதர் நடக்கலாகாது என்று தடுத்த காலம் இருபதாம் நூற்றாண்டு வரையில் நீண்டது. புராணத்தை வாசித்துப் பொருள் சொன்னவர்களுக்கு இந்த முரண் உறைக்கவில்லை போலும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்திருவிதாங்கூரில் பனையேறிப் பிழைத்த சான்றோர் குலத்தாரும், அவர்களிலும் கீழாக வைக்கப்பட்டிருந்தவர்களும் பட்ட பாட்டை முன்னைய அத்தியாயங்களில் விரிவாகச் சொல்லியாயிற்று. தலைக்கு வரி, ஏறும் பனைக்கு வரி, கூலியில்லாத ஊழியம், இன்ன ஜாதியார் முன்னிலையில் இத்தனை அடி விலகி நிற்கவேண்டுமென்ற கணக்கு, பெண்கள் மார்பை மறைக்கலாகாது, ஆண்கள் தலைப்பாகை கட்டலாகாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கலாகாது என்ற கட்டுப்பாடுகள் ஆகியவற்றை மறுபடியும் அடுக்க வேண்டியதில்லை. பெயர் வைப்பதில்கூடச் சுதந்திரம் இல்லை என்பதற்கு மட்டும் ஓர் உதாரணம் போதும். சுசீந்திரத்திலிருந்து காலையில் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் நடந்து சேரக்கூடிய பூவண்டன்தோப்பில், இன்றைய சாமிதோப்பில், 1809-ஆம் ஆண்டில் ஓர் ஆண்குழந்தை பிறந்தது. பெற்றோர் அதற்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர். இந்தக் குலத்தில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேல்ஜாதியார் ஆட்சேபிக்கவே, அது முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது. குழந்தை தொட்டிலில் கிடக்கும்போதே அதன்மேல் விழுந்த முதல் அடி இது.

முத்துக்குட்டி வளர்ந்து, நோய்ப்பட்டு, திருச்செந்தூருக்கு எடுத்துச் செல்லப்பட்டு, கடலுள் மறைந்து, மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிவந்ததாக அவருடைய அடியார்கள் கொள்ளும் நாள் கொல்லம் 1008 மாசி 20, அதாவது 1833 மார்ச் முதல் தேதி. ஊருக்குத் திரும்பியவர் ஆறாண்டுத் தவத்தில் அமர்ந்தார். முதலிரண்டு ஆண்டு ஆறடிக் குழியில், அடுத்த ஈராண்டு தரையில், பின் ஈராண்டு உயர்ந்த பீடத்தில் என்று அந்தத் தவத்தை வகுத்துச் சொல்வார்கள். அவரைத் தேடி வந்தவர்களுள் பெரும்பாலோர் தத்துவம் கேட்க வந்தவர்களல்லர், வியாதியஸ்தர்கள். பனையிலிருந்து விழுந்தவன், காய்ச்சலில் கிடந்த குழந்தையைத் தூக்கிவந்தவள், பேய் பிடித்ததென்று கோடாங்கிக்குக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தவர்கள் ஆகிய இவர்களுக்கெல்லாம் அவர் கொடுத்த மருந்து தண்ணீரும் மண்ணும்தான். காசு வாங்கவில்லை, ஆடும் கோழியும் கேட்கவில்லை. கூட்டம் பெருகிற்று. நாகர்கோவிலில் அக்காலத்தில் வேரூன்றியிருந்த லண்டன் மிஷன் பாதிரிமார் தங்கள் அறிக்கைகளில் ‘முத்துக்குட்டி’ கூட்டத்தாரைத் தங்கள் வேலைக்கு ஓர் இடையூறாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். விரோதியின் குறிப்பாகையால், கூட்டம் பெரிதுதான் என்பதற்கு அதைக்காட்டிலும் நல்ல சாட்சி நமக்கு வேண்டியதில்லை.

கீழ்க்குலத்தான் ஒருவன் தன்னைத் திருமாலின் அவதாரமென்று சொல்லிக்கொள்கிறான், ஜனங்கள் அவனிடம் திரள்கிறார்கள், ஊழியத்துக்கு ஆள் வருவதில்லை என்னும் புகார்கள் அரண்மனைக்கு எட்டின. மகாராஜா அப்போது சுசீந்திரத்தில் முகாம் செய்திருந்தார் என்று வைகுண்டர் அடியார்களின் நூலாகிய அகிலத்திரட்டு அம்மானையும் அதைப் பின்பற்றி வருகிற செவிவழிச் செய்திகளும் கூறுகின்றன. சபையிலிருந்த பூவண்டர் என்னும் ஆயர்குலப் பெரியவர், தெய்வம் பிறப்பதற்கு ஜாதி பார்ப்பதில்லையென்றும், அந்த மனிதருக்குத் தீங்கு செய்ய வேண்டாமென்றும் எடுத்துச் சொன்னாராம். சொல் ஏறாததைக் கண்டு சபையை விட்டே நீங்கினாராம். சேவகர்கள் பூவண்டன்தோப்புக்குச் சென்றபோது வைகுண்டரைச் சூழ்ந்திருந்தவர்கள் ஒருவர் இருவரல்லர். பனையேறுகிற கைகள் அவை. பாளை அரிவாளும் எல்லாரிடமும் உண்டு. தங்கள் உயிரைக் கொடுத்தேனும் தடுக்க அவர்கள் துணிந்து நின்றார்கள் என்பதிலும், கையோங்கலாகாது, பொறுத்திருங்கள் என்று அவர்களை அவர் அடக்கினார் என்பதிலும் எல்லாச் சம்பிரதாயமும் ஒன்றுபடுகின்றன. கயிறு கட்டி, அடித்து, இழிசொல் சொல்லி நடத்திக்கொண்டு போனார்கள். பின்னால் ஜனம் அழுதுகொண்டே தொடர்ந்தது. சுசீந்திரத்தை நெருங்கியதும் அந்த ஜனத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தேரோடும் வீதியில் கால் வைக்கவே உரிமையில்லை என்பதையும், அவர்களுடைய தலைவர் கைதியானமையாலேயே அங்கே நுழைய முடிந்தது என்பதையும் வாசகர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

மகாராஜா தம் மோதிரத்தைக் கைக்குள் மறைத்துக்கொண்டு, ‘தெய்வமென்றால் இதற்குள் இருப்பதைச் சொல்’ என்று கேட்டார் என்றும், வைகுண்டர் வாயே திறக்கவில்லை என்றும் சொல்வார்கள். இந்த மோதிரக் கதையைச் சரித்திரமென்று நாம் சாதிக்கப்போவதில்லை. ஆனால் சென்ற அத்தியாயத்துக் கைமுக்கையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் ஒன்று புலப்படுகிறது. நெய்ச் சட்டிக்கு முன் நின்ற நம்பூதிரி, பரீட்சை வைத்தவர்களின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டே கையை விட்டார். அவருடைய மானம் அவர்கள் கையில் இருந்தது. வைகுண்டரோ பரீட்சையையே ஒப்புக்கொள்ளவில்லை. விடை தெரியாமல் வாய்மூடியவனுக்கும், கேட்கிறவனுக்குக் கேட்கும் யோக்கியதை இல்லையென்று வாய்மூடியவனுக்கும் உள்ள பேதத்தை அன்றைய சபை அறிந்துகொள்ளவில்லை. கூடியிருந்த ஏழை ஜனம் அறிந்துகொண்டது.

பிறகு திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்புச் சிறை. விஷம் கலந்து கொடுத்தது, சுண்ணாம்புச் சூளையில் இட்டது, பட்டினி போட்ட புலியின் கூண்டில் விட்டது என்று அங்கே நடந்தவையாகச் சொல்லப்படும் சோதனைகளை அடியார்கள் பாடிப் பாடி உருகுகிறார்கள். 110 நாள் சிறை என்பது அவர்கள் கணக்கு. இனி என் ஜாதியாரைத் தவிர வேறெவரையும் சேர்த்துக்கொள்ளமாட்டேன் என்று கையெழுத்திட்டால் விடுதலை என்று சொல்லப்பட்டதாம். அந்த ஓலையை அவர் ஏற்க மறுத்தார். எந்தச் சோதனையைக் காட்டிலும் இந்த மறுப்பே பெரிதென்பது நம் அபிப்பிராயம். புலி தின்னாமல் விட்டதற்குப் பல காரணம் கூறலாம். தம் கூட்டத்தை ஒரு ஜாதிக்குள் சுருக்கிக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்பட்டபோது, சிறையிலிருக்கிற ஒரு மனிதர் மாட்டேன் என்றதற்கு ஒரே காரணந்தான் இருக்கமுடியும். 1839-ஆம் ஆண்டு மாசியில் அவர் விடுதலையானார். கைகட்டி நடத்திச் சென்ற அதே பாதையில் ஜனங்கள் அவரை வாகனத்தில் ஏற்றித் தோளில் சுமந்து வந்தார்கள்.

திரும்பி வந்தவர் என்ன செய்தார் என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் நடுப்பகுதி. அடித்த சேவகன் இன்னானென்று ஊருக்குத் தெரியும். காட்டிக்கொடுத்தவன் வீடும் தெரியும். அந்த வீடுகளுக்கு ஒரு கல்லும் போகவில்லை. அதற்காக அவர் இனிமையாகப் பேசினார் என்று எவரும் நினைத்துவிட வேண்டாம்; அரசனைக் கலிநீசன் என்றும் ஆங்கிலேயனை வெண்நீசன் என்றும் அகிலத்திரட்டு கூசாமல் வைகிறது. ஆனால் அந்தக் கலி அரண்மனையில் மட்டும் குடியிருப்பதாக அவர் சொல்லவில்லை. அது மனிதர் புத்தியில் ஏறியிருக்கும் மாயை. அடிக்கிறவன் புத்தியிலும் இருக்கிறது, அடிபடுகிறவன் புத்தியிலும் இருக்கிறது. ஆகையால் அரிவாளை எடுத்து ஓராளை வெட்டினால் கலி குறையாது, வெட்டியவனிடம் கொஞ்சம் கூடிப்போகும் என்பதே அவர் உபதேசத்தின் சாரம்.

ஆகவே அவர் அடிபட்டவர்களிடமிருந்து தொடங்கினார். சுமார் 700 குடும்பங்கள் அவர் சொல்லைக் கேட்டு வீடுவாசலை விட்டுக் கடற்கரையிலுள்ள வாகைப்பதிக்குச் சென்று துவையல் தவசு என்னும் விரதத்தில் இறங்கின. பின்பு அவர்கள் குமரிக்கு அருகிலுள்ள முட்டப்பதிக்கு மாறினார்கள். தினமும் கடலில் குளிப்பதும், உடுத்த துணியை உப்புநீரிலேயே துவைத்துக் காயவைப்பதும், அரிசியும் சிறுபயறும் வெந்த உணவை ஒருவேளை சேர்ந்து உண்பதும், மதுவையும் மாமிசத்தையும் தொடாமலிருப்பதுமாகப் பல மாதம் கழிந்தன. கிட்டே வராதே, தீட்டு, நாற்றம் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய உடம்புகள் இவை. பிறர் சொன்ன அசுத்தத்தைத் தாமே நம்பிவிட்ட மனத்துக்கு வைத்தியம், நீ சுத்தன் என்று வாயால் சொல்வதில் இல்லை. விடியற்காலையில் நூறுபேரோடு நின்று துணியை அலசிப் பிழியும்போதுதான் அந்த நம்பிக்கை தளரத் தொடங்கும். நாகரிகம் கற்பிக்கிறேன் என்று வந்தவர்கள் எவரும் இத்தனை எளிய வழியைக் கண்டுபிடிக்கவில்லை.

சாமிதோப்புக்கு இன்றைக்குப் போகிறவர்களும் அந்த வைத்தியத்தின் முறையைக் கண்ணால் காணலாம். முதலில் முத்திரிக்கிணறு. ஆண்கள் சட்டையைக் கழற்றி, இறைத்த நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஒரு கை நீரை அருந்திவிட்டு, ஈரத் தலையில் ஒரு துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொள்கிறார்கள். எங்கும் கோயிலுக்குள் தலையில் கட்டிய துணியை அவிழ்க்கச் சொல்வார்கள். இங்கே கட்டச் சொல்கிறார்கள். அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு குனிந்து நின்றவர்களின் பேரன்மார், தெய்வத்தின் முன்னாலேயே அதைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கவேண்டும் என்பது ஏற்பாடு. வடக்கு வாசலில் போய் நின்றால் விக்கிரகம் எதுவும் இல்லை. ஒரு நிலைக்கண்ணாடியும் விளக்குகளும் இருக்கின்றன. கும்பிடுகிறவன் முகமே அதில் தெரிகிறது. நெற்றியில் சுடர்போல இழுத்துக்கொள்ளும் வெள்ளை நாமம் வெறும் மண். உண்ணக் கொடுப்பது எல்லா ஜாதியாரும் ஒரே கொப்பரையிலிருந்து வாங்கும் கஞ்சியும் சோறும். தட்சிணை இல்லை, பலி இல்லை, நடுவே ஒரு பூசாரியும் இல்லை. வீட்டு முற்றத்தில் சேவலின் கழுத்தைத் திருகிக் கொண்டிருந்த ஜனங்களை, அதை விடுங்கள் என்று முதலில் விலக்கிய பிறகே, உங்கள் கழுத்தில் இருக்கிற கையும் விலகும் என்று அவர் சொன்னதில் ஒரு கிரமம் இருக்கிறது. 1841-ஆம் ஆண்டில் தாமரைகுளம் அரிகோபாலன் சீடர் எழுதிய அகிலத்திரட்டு, 1939-இல் அச்சேறும்வரை ஏடாகவே நிழல்தாங்கல் என்னும் வழிபாட்டிடங்களில் வாசிக்கப்பட்டு வந்தது.

1851-இல் வைகுண்டர் மறைந்தார். அவருடைய பொறுமையினால் சமஸ்தானத்தின் மனம் இளகிச் சட்டம் மாறிற்று என்று எழுத ஆசைதான். சரித்திரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. 1858-59-இல் தோள்சீலைக் கலகம் மூண்டு, வீடுகளும் பள்ளிக்கூடங்களும் எரிந்து, சென்னைக் கவர்னர் டிரெவெலியன் கடுமையாக எழுதிய பிறகே, 1859-இல் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்னும் விளம்பரம் வெளிவந்தது. அதுவும் மேல்ஜாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரியாக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு! கருணை ஒன்றே எதையும் சாதித்துவிடும் என்பவர்களும், கலகமே சாதிக்கும் என்பவர்களும் இந்த ஆண்டுகளைத் தத்தம் கட்சிக்குச் சாட்சியாக இழுப்பதுண்டு. நமக்குத் தோன்றுவது வேறு. துணி உடுக்க அனுமதி கிடைத்த நாளில், அதை உடுத்தி நிமிர்ந்து நடக்க ஆயத்தமான ஒரு ஜனம் இங்கே இருந்தது. அனுமதியைக் கொடுத்தது கவர்னரின் கடிதமாக இருக்கலாம், ஆயத்தத்தைக் கொடுத்தது துவையலும் கண்ணாடியும் மிஷன் பள்ளிக்கூடமும்.

அடிபட்ட இன்னொரு ஜனம் தேறிய வகையைப் பார்க்க, இவ்விடத்தில் நாஞ்சில் நாட்டை விட்டுக் கொஞ்சம் தூரம் போய்வர வாசகர்கள் அனுமதிக்க வேண்டும். வைகுண்டர் மறைந்த பதின்மூன்றாம் ஆண்டில், வட அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனங்களில் ஆடு மேய்த்தும் சோளம் விளைத்தும் வாழ்ந்த நவாஹோ என்னும் பூர்வகுடிகள்மீது ஐக்கிய அமெரிக்க இராணுவம் படையெடுத்தது. கிட் கார்சன் என்பவனுடைய சேனை விளைச்சலை எரித்தது, மந்தைகளைக் கொன்றது. பள்ளத்தாக்கிலிருந்த பீச்சுப் பழமரங்களையும் ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தார்கள். 1864-இல் 8,000-க்கு மேற்பட்டவர்களைக் கிழவர், கர்ப்பிணிகள் என்று பாராமல் சுமார் 480 கிலோமீட்டர் நடத்திச் சென்று, போஸ்கே ரெடோண்டோ என்னும் உப்புத்தண்ணீர்ப் பொட்டலில் நான்காண்டு அடைத்துவைத்தார்கள். மிகப்பலர் மாண்டனர். 1868 ஜூன் முதல் தேதி ஜெனரல் ஷெர்மனோடு ஒப்பந்தம் செய்துகொண்டபோது, வேறு நல்ல நிலம் தருகிறோம் என்று ஆசை காட்டப்பட்டும், பார்போன்சீட்டோ என்ற அவர்களுடைய தலைவர் எங்கள் ஊருக்கே போகவேண்டும் என்று மன்றாடி அதைப் பெற்றார். முன்னோர் தங்களுக்கு வகுத்த நான்கு மலைகளின் எல்லைக்குள் இருந்தால்தான் தங்கள் வாழ்வு ஒழுங்குபடும் என்பது அந்த ஜனங்களின் திடமான நம்பிக்கை.

நமக்கு அதிசயமாக இருப்பது அவர்கள் திரும்பிய பிறகு நடந்தது. வன்முறையை அவர்கள் ஒரு நோயாகவே கருதுகிறார்கள். அது அடிபட்டவனைப் பற்றுவதுபோல அடித்தவனையும் பற்றும் நோய். யுத்தத்திலிருந்து வெற்றியோடு வந்த தம் பிள்ளையானாலும், சத்துருவின் பிணத்தைத் தொட்டவன் சுகமாக இருக்கமாட்டான் என்று அவனுக்காக உற்றார் அனைவரும் கூடி, நாட்கணக்கில் பாட்டும் சடங்குமாகப் பகைநோய் நீக்கும் வைதிகம் ஒன்றைச் செய்கிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் தங்கள் பாஷையையே இரகசியக் குறியீடாக்கி அமெரிக்க மரைன் படையினருக்குப் பெருந்துணை புரிந்த நவாஹோ இளைஞர் பலரும், எந்த அரசாங்கம் தங்கள் பாட்டன்மாரை நடத்திச் சென்றதோ அந்த அரசாங்கத்துக்காகப் போராடித் திரும்பி வந்து, இந்தச் சடங்கில் உட்கார்ந்துதான் இராத்தூக்கம் பெற்றார்கள். 1982-இல் அவர்களுடைய நியாயஸ்தலத்தார் பழைய சமாதான முறையை மன்றத்தின் ஓர் அங்கமாகவே திரும்ப நிறுவினர். அடித்தவன், அடிபட்டவன், இருவருடைய சுற்றத்தார் ஆகிய எல்லாரையும் ஒரு பெரியவர் உட்காரவைத்து, நடந்ததைப் பேசச் செய்து, ஈடு இன்னதென்று அவர்களே தீர்மானிக்கும்படி விடுகிறார். தவறு செய்தவனைப் பற்றி அவர்கள் சொல்லும் வசனம் ஒன்று நம் நாட்டுக் கிழவிகள் வாயிலும் வரக்கூடியது: உற்றார் உறவினர் இல்லாதவன் மாதிரி நடக்கிறான் என்பார்கள். ஆகவே வைத்தியத்தின் முதற்படி, அவனுடைய உற்றாரை வரவழைப்பது.

சாமிதோப்பையும் இதையும் சேர்த்து நினைக்கும்போது, குளியல், சேர்ந்துண்ணல், பாட்டு, பழைய மண்ணுக்குத் திரும்புதல் என்று பாதி வைத்தியம் இரண்டிடத்தும் ஒன்றாகவே இருப்பதைக் காண்கிறோம். மற்றப் பாதி இங்கே நடக்கவில்லை. சுசீந்திரத்துச் சபையில் வைகுண்டரை நிறுத்தியவர்களின் சுற்றத்தார், பூவண்டர் ஒருவர் நீங்கலாக, எழுந்திருந்து எங்கள் வீட்டுப் பிள்ளைகள் செய்தது தவறு என்று சொல்லவில்லை. அதற்கு ஏறக்குறைய எண்பத்தைந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன.

1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய பாதைகளுக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கியபோது, நாகர்கோவிலிலிருந்து அதில் கலந்துகொண்டவர்களுள் முக்கியமானவர் எம். எம்பெருமாள் நாயுடு, ஜனங்கள் வாயில் டாக்டர் எம். இ. நாயுடு. தொழிலால் மருத்துவர், பிறப்பால் மேல்ஜாதியார், காங்கிரஸ்காரர். ஈரோட்டு ராமசாமி நாயக்கர் வந்து சிறை புகுந்ததும், கண்ணில் சுண்ணாம்பு பூசப்பட்டு ராமன் இளையது பார்வையிழந்ததும், கொல்லம் 1099-ஆம் ஆண்டு வெள்ளத்தில் தொண்டர்கள் கழுத்தளவு நீரில் நின்றதும் பிரசித்தம். காந்தியடிகள் சொன்ன யோசனையின்படி 1924 நவம்பரில் மேல்ஜாதியாரே திரண்டு இரண்டு யாத்திரை புறப்பட்டார்கள். வடக்கே வைக்கத்திலிருந்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் ஒன்று. தெற்கே கோட்டாற்றிலிருந்து நாயுடு தலைமையில் ஒன்று. இரண்டும் திருவனந்தபுரத்தில் கூடின. எங்கள் கோயில் தெருக்களை எல்லாருக்கும் திறந்துவிடுங்கள் என்று 25,000-க்கு மேற்பட்ட மேல்ஜாதியார் கையொப்பமிட்ட விண்ணப்பம், ரீஜண்டு மகாராணி சேது லட்சுமிபாயிடம் கொடுக்கப்பட்டது. அடைத்தவர்களின் உற்றார் இவர்கள். வழி நடந்து போய், எங்கள் ஆட்கள் செய்வது தவறு என்று சொன்னவர்கள். எந்தச் சாலையில் வைகுண்டரைக் கட்டி நடத்திச் சென்றார்களோ, அதே சாலை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு நாஞ்சில் நாட்டின் மேல்ஜாதியார் இந்தக் காரியத்துக்காக நடந்தார்கள் என்பதை எந்தச் சரித்திர ஆசிரியரும் போதுமான அளவு எடுத்துக்காட்டியதாகத் தெரியவில்லை.

பலன் உடனே வரவில்லை. 1925 பிப்ரவரியில் சட்டசபையில் தீர்மானம் ஒரே வாக்கு வித்தியாசத்தில், 22-க்கு 21 என்று தோற்றது. வைக்கத்தில் ஒருவாறு உடன்பாடு ஏற்பட்டதும், நாயுடு தம் ஊர்ப்பக்கம் திரும்பி 1926-இல் சுசீந்திரத் தெருக்களுக்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கினார். பூதப்பாண்டியிலிருந்து வந்து அதில் சேர்ந்த, இன்னும் இருபது வயது நிரம்பாத இளைஞர் ஒருவர் பிற்காலத்தில் ஜீவானந்தம் என்று நாடெங்கும் அறியப்பட்டார். போராட்டம் நின்றது, 1930-இல் மறுபடி எழுந்தது, மறுபடி நின்றது. இந்த இரண்டின் விவரங்களையும் தனி அத்தியாயமாகவே எழுதவேண்டியிருப்பதால் இங்கே தொட்டுவிட்டுப் போகிறோம். 1936 நவம்பர் 12-ஆம் தேதி, கொல்லம் 1112 துலாம் 27, சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேச விளம்பரத்தில் கையெழுத்திட்டார். அநசூயை பாலூட்டிய மூவரையும் தரிசிக்க, கோயில் வீதியில் நடக்கவே தகுதியற்றவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் கோபுர வாசல் வழியாகவே உள்ளே போனார்கள்.

மாசி 20 அன்று நாகர்கோவில் நாகராஜா கோயில் திடலிலிருந்து காவிக்கொடியும் தலைப்பாகையுமாகப் புறப்படுகிற வைகுண்டர் ஜயந்தி ஊர்வலம், கோட்டாறு, இடலாக்குடி வழியாகச் சுசீந்திரத்தைக் கடந்து சாமிதோப்புக்குச் செல்கிறது. சுசீந்திரத்தில் மற்ற ஜாதியார் அதற்கு மோரும் பானகமும் கொடுத்தால், ஈடு இன்னதென்று நவாஹோப் பெரியவர் முன் தீர்மானித்ததற்குச் சமமாகிவிடுமா என்று நம்மைக் கேட்டால், ஆகாது என்றுதான் சொல்வோம். பறித்த வரிக்கும் வாங்கிய ஊழியத்துக்கும் ஈடு எது என்று உட்கார்ந்து பேசிய சபை இந்நாட்டில் இன்னும் கூடவில்லை. தெருவும் கோயிலும் திறந்த பிறகு, ஊர்க் கிணறும் தேநீர்க்கடையும் சுடுகாடும் எத்தனை ஆண்டு கழித்துத் திறந்தன, எந்த ஊரில் எவர் முன்வந்து திறந்தார்கள் என்பதை அடுத்த அத்தியாயத்தில் தோவாளைத் தாலுக்காவிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.